‘முடியாது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்

கல்லூரி நண்பன் ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வேலை விளம்பரம் அனுப்பியிருந்தான். புதிய வகை அணு உலைகளை வடிவமைக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, உரிமம் மற்றும் ஒழுங்குமுறைப் பணிகளுக்குத் தலைமை தாங்க ஆள் தேடுகிறது. “மச்சான், சம்பளத்தைப் பார்த்தியா? லைசென்ஸ் வாங்கித் தர்ற வேலைக்கு இவ்வளவா? நம்ம ஊர்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிக்கிறவர் ஐந்நூறு ரூபாய்க்கு முடிச்சுக் கொடுப்பாரே!” என்று கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஐந்நூறு ரூபாய் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தை ஒட்டிய ஒரு அலுவலகத்தில். பயணிகள் கப்பல்களுக்கு டிக்கெட், வாகனப் பதிவு மென்பொருள் எழுதுகிறேன். அணு விஞ்ஞானத்துக்கும் எனக்கும் உள்ள சொந்தம் ஊர் வழியாக வந்தது. கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் புதுப்பட்டினம்தான் எங்கள் ஊர். அப்பா டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். சித்தப்பா உள்ளே ஒப்பந்த வேலைக்குப் போனவர். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த அணுமின் நிலையத்தை நம்பித்தான். எனவே இதை ஒரு ‘அணு உலை எதிர்ப்பாளர்’ எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது நான் பள்ளி மாணவன். டவுன்ஷிப்பிலும் சுற்றியிருந்த குப்பங்களிலும் உயிர்கள் போயின. ஓடிக்கொண்டிருந்த அணு உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதிவேக ஈனுலைக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் கடல் நீர் புகுந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “உள்ள ஒண்ணும் ஆகலையே?” ஒன்றும் ஆகவில்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். ஆனால் பதில் சொன்னவர்கள் அந்த நிலையத்தை நடத்துகிறவர்கள். அவர்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது. இருபது வருடம் கழித்தும் என்னை விடாத விஷயம் அதுதான்.

துறைமுகத்தில் ஒரு பேச்சு

மாலையில் அலுவலகம் முடிந்து இறங்கினால், நேப்பிள்ஸ் போகும் கப்பலில் லாரிகள் ஏறிக்கொண்டிருக்கும். வடக்குப் பக்கம் ஃபின்கான்தியேரி கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்கள். அதற்குப் பின்னால் பெல்லெக்ரீனோ மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள ஈழத் தமிழர்கள், இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லாமல், புனித ரொசாலியாவைக் கும்பிட ஏறிப் போகும் மலை.

இந்தக் கப்பல் கட்டும் நிறுவனத்துக்கும் அணு உலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2023 ஜூலையில் ஃபின்கான்தியேரியும், ஈயத்தால் குளிர்விக்கும் சிறிய அணு உலைகளை வடிவமைக்கும் நியூக்ளியோ நிறுவனமும், கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் ரினாவும் சேர்ந்து ஒரு சாத்தியக்கூறு ஆய்வை அறிவித்தன. சரக்குக் கப்பல்களை அணுசக்தியில் ஓட்ட முடியுமா என்பதுதான் ஆய்வு.

இதை ஒருநாள் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். இருபத்தைந்து வருடமாக இங்கே இருப்பவர், இத்தாலியக் குடியுரிமை வாங்கியவர். “தம்பி, 2011ல நானும் போய் வோட்டுப் போட்டனான். அணு உலை வேண்டாம் எண்டதுக்கு ‘ஓம்’ எண்டு குத்த வேணும். விசர்க் கதைதான், எண்டாலும் விளங்கிக்கொண்டு குத்தினம்” என்றார்.

அவர் சொன்னது சரி. இத்தாலியில் இந்த வகைப் பொதுவாக்கெடுப்பு என்பது இருக்கும் சட்டத்தை நீக்குவதற்கானது. அதனால் ‘ஆம்’ என்றால் ‘வேண்டாம்’. செர்னோபில் விபத்துக்கு அடுத்த வருடம், 1987 நவம்பரில் முதல் வாக்கெடுப்பு நடந்தது. 1990க்குள் நாட்டின் அணுமின் நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டன. மறுபடி தொடங்க அரசு முயன்றபோது ஃபுகுஷிமா வெடித்தது. 2011 ஜூனில் ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இப்போது மூன்றாவது முயற்சி. 2025 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மசோதா, புதிய வகை உலைகளுக்கு வழி திறக்கிறது. அணுப் பாதுகாப்புக்கென்று தனி ஆணையம் அமைப்பதையும் சேர்த்தே பேசுகிறது.

“அப்ப இந்தக் கப்பல் இங்க வந்தா, பாதுகாப்பு எண்டு ஆர் சொல்லுவினம்? கட்டினவனே சொல்லுவானோ?” என்று அண்ணன் கேட்டார். நான் பார்த்த எத்தனையோ டிவி விவாதங்களில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

சோற்றால் அடைத்த கப்பல்

இந்தக் கேள்விக்கு முன்பே ஒரு கப்பல் பதில் சொல்லியிருக்கிறது. ஜப்பானின் முதல் அணுசக்திக் கப்பலான ‘முட்சு’. அதன் கதிர்வீச்சுக் கவச வடிவமைப்பைப் பார்த்த அமெரிக்க நிறுவனம் ஒன்று, பிரச்சினை வரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தது. அதைக் கேட்டு வடிவமைப்பை மாற்றவில்லை. 1974 செப்டம்பர் 1 அன்று நடுக்கடலில், உலை அதன் முழுத்திறனில் ஒன்றிரண்டு சதவீதம் ஓடும்போதே கதிர்வீச்சு கசிந்தது. கப்பலில் இருந்தவர்கள் வேகவைத்த சோற்றில் போரானைக் கலந்து இடைவெளியை அடைக்கப் பார்த்தார்கள்.

கசிவு பெரியதல்ல. யாரும் சாகவில்லை. ஆனால் துறைமுகத்து மீனவர்கள் கப்பலைத் திரும்ப உள்ளே விடவில்லை. சிப்பி வளர்த்துப் பிழைக்கும் ஜனங்கள், அவர்களுடைய பயம் அவர்களுக்கு. ஒன்றரை மாதம் அந்தக் கப்பல் கடலில் நின்றது. கடைசியில் நஷ்டஈடு கொடுத்து, கப்பலுக்கு வேறு துறைமுகம் பார்ப்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் கரைக்கு வந்தது. முன்பே எச்சரித்தவரின் பேச்சுக்கு அதிகாரம் இருந்திருந்தால், சோறு வேகவைக்க வேண்டி வந்திருக்காது.

நண்பன் அனுப்பிய விளம்பரத்தில் இருந்த வேலையை இப்போது விளக்கலாம். பழைய வகை உலை என்றால் உலகம் முழுக்கப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. எந்தக் குழாய் எத்தனை வருடத்தில் தேயும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. புதிய வகைக்கு அந்த அளவு அனுபவம் கிடையாது. தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம், ஈயம், உருகிய உப்பு என்று போகிறார்கள். சோடியம் காற்றில் பட்டால் எரியும், தண்ணீரில் பட்டால் கொதித்து வெடிக்கும். 1995 டிசம்பரில் ஜப்பானின் மோன்ஜு ஈனுலையில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அதைவிடப் பெரிய சேதம், அந்த வீடியோவை வெட்டி மறைத்தது வெளியே வந்தபோது நேர்ந்தது.

எனவே ‘என் உலை பத்திரமானது’ என்று நிரூபிக்கிற பொறுப்பு வடிவமைத்தவர் தலையில். பூகம்பம் வந்தால், பம்ப் நின்றால், மின்சாரம் போனால், ஆபரேட்டர் தப்பான பட்டனை அழுத்தினால் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு எழுத வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேள்விமேல் கேள்வி கேட்பார். உரிமப் பிரிவின் தலைவர் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, பல வருடம் பதில் சொல்கிறவர். அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனம் தன் சிறிய உலைக்காக 2016 கடைசியில் கொடுத்த விண்ணப்பம் சுமார் 12,000 பக்கம். வடிவமைப்புச் சான்றிதழ் முழுமையாகக் கைக்கு வந்தது 2023 ஜனவரியில். சம்பளம் ஏன் அவ்வளவு என்று நண்பனுக்கு இப்போது புரியும்.

ஆனால் இந்த வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் தைரியமும் அதிகாரமும் வேண்டும். ஓக்லோ என்ற நிறுவனம் புதிய வகை உலைக்குக் கொடுத்த விண்ணப்பத்தை, கேட்ட விவரங்களைத் தரவில்லை என்று 2022 ஜனவரியில் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் நிராகரித்தது. அந்த நிறுவனம் அழிந்துவிடவில்லை, திருத்திக்கொண்டு மறுபடி வரத் தயாரானது.

நான் செய்த தப்பு

இதில் நான் பாடம் கற்றது என் சொந்தத் தொழிலில்தான். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பணம் கட்டும் பகுதிக்கான புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. எழுதியது நான். சரிபார்க்க வேண்டியவர் என் டீம் லீட். என் கெடுதான் அவருக்கும் கெடு. எங்கள் இருவருக்கும் அப்ரைசல் போடுவது ஒரே மேனேஜர். அவர் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘அப்ரூவ்ட்’ கொடுத்தார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை நூற்றுக்கணக்கானவர்களுக்கு இரண்டு தடவை பணம் பிடித்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம், மன்னிப்பும் கேட்டோம். டீம் லீட் கெட்டவர் இல்லை. அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அரசு ஆணை ஒன்றின் மூலம் அமைக்கப்பட்டது. அது அறிக்கை கொடுப்பது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர். அணு உலைகளைக் கட்டி நடத்தும் இந்திய அணுமின் கழகமும், கல்பாக்கம் ஈனுலையைக் கட்டிய பாவினி நிறுவனமும் அதே துறைக்குக் கீழே. ஆக, சரிபார்க்கிறவருக்கும் கட்டுகிறவருக்கும் மேலே ஒரே மேனேஜர். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வாரியத்தின் தலைவராகவே இருந்த ஏ.கோபாலகிருஷ்ணன் 1996ல் பதவியை விட்டு வந்ததிலிருந்து இதைச் சொல்லிவந்தார். 2012ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தனி அறிக்கையே கொடுத்தார். வாரியத்துக்குச் சட்டபூர்வத் தகுதி இல்லை. விதிகளை உருவாக்கும் அதிகாரம் இல்லை. நாட்டிலுள்ள மருத்துவ எக்ஸ்ரே மையங்களில் பத்தில் ஒன்பது பதிவே செய்யாமல் இயங்குகின்றன என்றெல்லாம் அதில் இருந்தது. விதியை மீறினால் போடக்கூடிய அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? ஐந்நூறு ரூபாய். நண்பனின் ஜோக்கில் வந்த ஐந்நூறு ஏன் உறுத்தியது என்று இப்போது புரிந்திருக்கும்.

தனிச் சுதந்திரம் தருவதாக 2011ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. 2015ல் வந்த சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழுவும், வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதிசெய்யுங்கள் என்றது. அமெரிக்கா இந்த இரண்டு வேலைகளையும் பிரித்து, தனி ஒழுங்குமுறை ஆணையம் 1975 ஜனவரியில் இயங்கத் தொடங்கிவிட்டது. ஜப்பானுக்கு ஃபுகுஷிமா தேவைப்பட்டது. அங்கே கண்காணிப்பு அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று நாடாளுமன்றக் குழு 2012ல் எழுதியது.

சட்டம் வந்துவிட்டதே?

வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம், 1962ன் அணுசக்திச் சட்டத்துக்கும் 2010ன் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பதிலாக வந்திருக்கிறது. தனியார் நிறுவனங்கள் அணு உலை நடத்த வழி திறந்திருக்கிறது. ஒழுங்குமுறை வாரியத்துக்கு முதல் தடவையாகச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. இது நல்ல விஷயம், நாற்பது வருடத் தாமதம் என்றாலும் வரவேற்கிறேன்.

ஆனால் உள்ளே படித்தால் கவலை வருகிறது. வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் குழுவை அமைப்பது யார்? அதே அணுசக்தி ஆணையம். அணுசக்தி தொடர்பான தகவல்களைக் கட்டுப்படுத்தப்பட்டவை என்று அறிவிக்கும் அதிகாரம் அரசின் கையில். வெப்பத் திறன் 150 மெகாவாட் வரை உள்ள சிறிய உலையில் விபத்து நடந்தால், நடத்துகிறவர் கட்ட வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு ₹100 கோடி. சென்னையில் நாலைந்து பெரிய பங்களா வாங்கினால் தீர்ந்துபோகிற பணம். இழப்பீடு இவ்வளவு குறைவாக இருக்கும்போது, விபத்தே நடக்காமல் பார்க்கிறவர் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

அவசரமும் கூடியிருக்கிறது. 2025 பட்ஜெட்டில் சிறிய உலை ஆராய்ச்சிக்கு ₹20,000 கோடி ஒதுக்கினார்கள். 2033க்குள் உள்நாட்டில் வடிவமைத்த ஐந்து சிறிய உலைகளாவது ஓட வேண்டும், 2047க்குள் 100 கிகாவாட் வேண்டும் என்பது இலக்கு. இலக்கு வைப்பதில் தப்பில்லை. கெடுத்தேதி அரசியல் மேடையில் அறிவிக்கப்படும்போது, ஃபைலில் கையெழுத்துப் போட வேண்டியவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கல்பாக்கம் ஈனுலை ₹3,492 கோடியில் 2010ல் முடிய வேண்டியது. 2024 மார்ச் 4 அன்று பிரதமர் நேரில் வந்து உலை மையத்தை நிரப்பும் பணியின் தொடக்கத்தைப் பார்த்தார். எரிபொருளை ஏற்ற வாரியம் அனுமதி கொடுத்தது அந்த ஜூலையில். முதலில் ஏற்றுவது கட்டுப்பாட்டுத் தண்டுகளைத்தான், எரிபொருள் பிறகுதான் என்பதால் இதில் விதிமீறல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரதமர் வந்து கைதட்டிப் போன பிறகு, ‘இன்னும் ஆறு மாதம் ஆகும்’ என்று எழுத எந்த அதிகாரிக்குக் கை வரும்?

இந்த அழுத்தம் நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2025 மே மாதம் அதிபர் டிரம்ப், புதிய உலை விண்ணப்பங்களை 18 மாதத்துக்குள் முடிக்கச் சொல்லி ஆணை போட்டார். தாமதத்தால் செலவு ஏறுகிறது, அதற்குள் நிலக்கரிதான் எரிகிறது என்கிற வாதத்தில் நியாயம் இருக்கிறது. வட சென்னைக்காரர்களைக் கேட்டால் நிலக்கரிச் சாம்பல் பற்றிச் சொல்வார்கள். ஆனால் வேகத்துக்கு வழி, கேள்வி கேட்கிறவருக்கு அதிக ஆட்களையும் நல்ல சம்பளத்தையும் கொடுப்பது. கேள்வியைக் குறைப்பது அல்ல.

நம்மிடம் காட்டுங்கள்

இன்னொன்று, காகிதங்களை மக்களிடம் காட்டுவது. கூடங்குளம் உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கேட்டு சுப.உதயகுமார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். அதை வெளியிடுங்கள் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. வெளிநாட்டு நிறுவனத்தின் வணிக ரகசியம் என்று மறுத்துவிட்டார்கள். நியூஸ்கேலின் விண்ணப்பத்தையோ, ரகசியமான வரிகளை மட்டும் கறுப்படித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் இங்கே உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்குப் பக்கத்து உலையைப் பற்றி அப்படிப் படிக்க முடியவில்லை.

கல்பாக்கம் ஈனுலையில் கடுமையான விபத்து நடந்தால் வெளிப்படும் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று அஸ்வின் குமாரும் எம்.வி.ரமணாவும் 2008ல் ஒரு ஆய்விதழில் எழுதினார்கள். யார் கணக்கு சரி என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வி வந்தால், வாரியம் அதற்கு என்ன பதில் கேட்டது, வடிவமைத்தவர்கள் என்ன பதில் தந்தார்கள் என்பது புதுப்பட்டினத்துக்காரனுக்குத் தமிழில் கிடைக்க வேண்டும் என்று கேட்கத் தகுதி இருக்கிறது.

எனவே நான் கேட்பது மூன்று விஷயம். ஒன்று, வாரியத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அணுசக்தி ஆணையத்தின் கை இருக்கக் கூடாது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்கும் அதில் இடம் வேண்டும். இரண்டு, ஒவ்வொரு புதிய உலைக்கும் பாதுகாப்பு அறிக்கை, வாரியத்தின் கேள்விகள், பதில்கள் வெளியாக வேண்டும். உலை வரும் மாநிலத்தின் மொழியில் சுருக்கமும், கருத்துச் சொல்ல அவகாசமும் வேண்டும். மூன்று, நம் பொறியியல் கல்லூரிகளில் இந்தப் படிப்பு வர வேண்டும். வருடம் லட்சக்கணக்கில் இன்ஜினியர்களை உண்டாக்கும் தமிழ்நாட்டில், கட்டத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். கட்டியதைப் பார்த்து ‘இது போதாது’ என்று எழுதத் தெரிந்தவர்களும், எழுதினால் வேலை போகாது என்ற உத்தரவாதமும் தேவை.

இத்தாலியை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. பழைய உலைகளின் கழிவுகளை எங்கே வைப்பது என்று இவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் 2021 ஜனவரியில் பொருத்தமான இடங்கள் என்று 67 பகுதிகளை வரைபடமாக வெளியிட்டு, மாதக்கணக்கில் வாதம் நடத்தி, 2023 டிசம்பரில் 51 ஆகக் குறைத்தார்கள். அதில் இரண்டு இந்த சிசிலியில், த்ராபானி மாகாணத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு அங்கே உறவுக்காரர்கள் உண்டு. “வரைபடத்தைப் போட்டவங்கள். எங்கட இடமும் கிடக்கு எண்டு பாத்தம். பிறகு சண்டை பிடிச்சம். தெரிஞ்சாத்தானே தம்பி சண்டை பிடிக்கலாம்” என்றார்.

நண்பனுக்கு நேற்றுதான் பதில் அனுப்பினேன். வேலை நல்ல வேலைதான், தைரியமாக அப்ளை பண்ணு என்றேன். அதோடு, நம்ம ஊரில் எதிர்ப்பக்கத்து நாற்காலிக்கு எப்போதாவது விளம்பரம் வந்தால் அதையும் எனக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறேன்.